மைனஸ் எண்பது

நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். இடம் தெரியாமல் நான் திண்டாடக் கூடாதென்று அப்படி ஒரு கரிசனம். பேராசிரியர் தங்கசாமியின் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர் வெளிநாட்டு மாநாடுகளில் எடுத்துக்கொண்ட படங்கள் வரிசையாக இருந்தன. எனக்கு வந்த டீ ஆடை கட்டியிருந்தது. தாளில் ஆங்கிலத்தில் பதினோரு வரி. நவம்பர் இருபத்தாறு, இருபத்தேழு தேதிகளில் ஆய்வுக்கூடத்தின் மைனஸ் எண்பது உறைபெட்டியிலிருந்த புற்றுநோய்த் திசு மாதிரிகள் கெட்டுப்போனதற்கு, பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஊழியர் வீரையா என்பவரின் கவனக்குறைவு மட்டுமே காரணம். மேற்படி வீரையாவை நிறுவனம் வேலையை விட்டு நீக்கிவிட்டது. அதற்குக் கீழே பெருக்கல் குறி. அதற்கும் கீழே என் பெயர், ஹமீதா பானு, உரிமையாளர்.

வேலையை விட்டு நீக்கப்பட்ட சேதி வீரையாவுக்கே தெரியாது. அவர் வெளியே வராந்தா பெஞ்சில், எண்ணெய் போட்டுப் படிய வாரிய தலையோடு, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய அதிகாரிகளைப் பார்க்கப் போகிறோம் என்று பாம்பனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். என் மாமியார் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார். இராமநாதபுரம் கேணிக்கரையில் ஒரு மாடியறை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஆய்வுக்கூடக் கருவிகள் விற்கும் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். என் கணவர் பாக்கர் ஷார்ஜாவிலிருந்து பணம் அனுப்பி, ஃபேன்ஸி ஸ்டோர் வைக்கச் சொன்னார். நான் மைக்ராஸ்கோப் விற்கிறேன் என்றேன். கீழக்கரையிலிருந்து மண்டபம் வரைக்கும் வளையல் விற்க இருநூறு பேர் இருக்கிறார்கள், மைக்ராஸ்கோப் விற்க ஒருத்திகூட இல்லை என்று விளக்கினேன். வாங்குவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏழெட்டுக் கல்லூரிகள், அப்புறம் உச்சிப்புளியைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழக வளாகம், அவ்வளவுதான்.

இந்த வளாகத்தில்தான் புற்றுநோய் ஆய்வுக்கூடம் இருந்தது. கடலுக்கடியில் கிடைக்கும் பஞ்சு உயிரிகளிலிருந்து சாறு எடுத்து, அது புற்றுக்கட்டியை என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். கட்டித் துண்டுகள் மதுரை ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடமிருந்து வரும். சுண்டுவிரல் நகம் அளவு துண்டு, ஒரு குட்டிக் குழாய்க்குள். அதைப் பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி குளிரில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும், வெளியில் வைத்தால் மத்தியானத்துக்குள் வீணாகிவிடும். அதற்கான பெட்டி பீரோ உயரம். சென்னைக் கம்பெனி ஒன்று விற்றது. விற்றதோடு சரி, பழுதானால் அவர்கள் ஆள் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. இங்கே உப்புக்காற்று ஆறே மாதத்தில் கண்டென்சர் தகடுகளை அரித்துவிடும் என்பது அவர்கள் புத்தகத்தில் இல்லை. 2007-ல் கொள்முதல் குழுவின் முன்னால் போய் நின்று, பராமரிப்பை எனக்குக் கொடுங்கள், மூன்று மணி நேரத்தில் ஆள் வரும் என்றேன். ஆள் என்ன படித்திருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். பாம்பன் ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கம்ப்ரசர் ஓட்டியவர் என்றேன். ஒருவர் சிரித்தார். சென்னை எஞ்சினியரின் சர்டிபிகேட்டைப் பார்த்தா உங்கள் பெட்டி ஓடியது என்று நான் கேட்டதும் சிரிப்பு நின்றது. ஒப்பந்தம் கிடைத்தது. வீரையா வெள்ளிக்கிழமை தவறாமல் போய், நல்ல தண்ணீரால் தகடுகளைக் கழுவித் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசிவிட்டு வருவார். ஐஸ் கம்பெனியில் செய்ததையே இங்கேயும் செய்தார். பதினான்கு மாதம் அந்தப் பெட்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அப்புறம் அந்த நவம்பர் மழை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வளாகத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருந்தது. அதற்குச் சாமந்தி மாலை போட்டுத் திறப்பு விழா நடத்தி ஒன்றரை வருடமாகிறது. அன்றைக்கு ஓட்டிக் காட்டியதற்குப் பிறகு அதற்கு டீசல் ஊற்றவில்லை. கேட்டு எழுதிய தாள் ஏதோ ஒரு மேசையில் இருந்தது. வியாழக்கிழமை விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு செல்லை எடுத்தால் மஜீதாவிடமிருந்து நாலு அழைப்பு. மஜீதா அந்த ஆய்வுக்கூடத்தில் பி.எச்டி செய்யும் கீழக்கரைப் பெண். பெட்டியில் இருந்தது பெரும்பாலும் அவள் சேகரித்தது. மதுரைக்கு மாதிரி எடுக்கப் போனவள் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் இப்போதுதான் போனை எடுத்தார், நேற்றுக் காலையிலிருந்தே கரண்ட் இல்லையாம் என்றாள். நான் போகிற வழியில் பட்டணம்காத்தானில் ரோட்டுக்கு மேல் தண்ணீர், ஒரு வண்டியும் போகவில்லை. பாம்பனுக்குப் போன் போட்டேன்.

நான் வீரையாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. "அண்ணே, உடனே போங்க. என்ன செய்வீங்களோ, குளிர் விட்டுறாமப் பாத்துக்கங்க."

அவர் என்ன செய்தார் என்றால், இருபத்திரண்டு வருடம் எதைச் செய்தாரோ அதைச் செய்தார். மீன் வண்டிக்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினார். ஐஸ் கம்பெனியில் நான்கு ஐஸ் பார், ஒரு மூட்டை உப்பு ஏற்றினார். பாம்பன் பாலத்தில் காற்று பலமாக இருக்கிறது என்று போலீஸ் மறித்தபோது, ஆஸ்பத்திரிச் சாமான் என்று பொய் சொல்லித் தாண்டினார். வளாகத்துக்கு வந்து பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். ஐஸ் கம்பெனியிலும் படகிலும் குளிரைக் கையால்தான் பார்ப்பார்கள். மீன் போட்ட குழியில் முழங்கை வரை விட்டுப் பார்த்துத்தான் எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று சொல்வார்கள். மேல் தட்டு இரண்டும் அவர் கைக்குக் குளிர்ச்சி குறைந்ததாகப் பட்டது. கீழ்த்தட்டுக் கம்பியில் விரல் ஒட்டிக்கொண்டு தோல் உரிந்து வந்தது. அப்படியானால் அது நன்றாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்று முடிவெடுத்தார். மேல் தட்டுகளில் ஐஸை உடைத்து உப்புக் கலந்து, பாலிதீன் பைகளில் கட்டி, குழாய்களைச் சுற்றி நெருக்கமாக அடுக்கினார். பிறகு பெட்டியை மூடிச் சாக்கும் தார்ப்பாயும் சுற்றினார். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நனைந்த ஆள் தலையைக்கூடத் துவட்டாமல், எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, காப்பாத்திட்டேன்."

நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். எப்படி அண்ணே என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐஸ் நமக்குக் குளிர்ச்சி, மீனுக்குக் குளிர்ச்சி. மைனஸ் எண்பதில் இருந்து பழகிய குழாய்க்கு ஐஸ் என்பது அடுப்பு. உப்புப் போட்டால் அடுப்பின் சூடு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, கதவைத் திறக்காமல் இருப்பது. அதை ஆங்கிலத்தில் கதவிலேயே சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். வீரையாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். வால்வு, கேஸ், ரிலே எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிய நான், அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவேயில்லை. எனக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயமாக இருந்தது.

வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. முப்பத்தொரு மணி நேரம். வெள்ளிக்கிழமை மஜீதா வந்து, மேல் தட்டுகளில் உருகி மறுபடி உறைந்த தண்ணீருக்குள் சிக்கியிருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் துடைத்து, ட்ரேயில் வைத்து எண்ணினாள். எண்பத்தாறு பெண்கள். எல்லாம் வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள், வெற்றிலையும் புகையிலையும் போட்டு வளர்ந்த இந்தக் கரைப் பெண்கள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுல பாதிப் பேரு இப்ப மவுத்தாயிட்டாங்க லாத்தா. இனி யார்ட்ட போயி கேக்க?" என்றாள்.

வீரையா அவளுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விரல் நுனிகளில் மஞ்சள் களிம்பு பூசியிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வராமல் இல்லை. வந்தது. என்மேல் வந்த கோபம் அதைவிடப் பெரியதாக இருந்ததால் அவர் தப்பித்தார்.

பத்து நாள் கழித்து இப்போது இந்தத் தாள். ஜனவரியில் டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. ஜெனரேட்டருக்குப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அது ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். சேவை நிறுவனத்தின் தவறு என்று ஒரு தாள் ஃபைலில் இருந்துவிட்டால் ஜெனரேட்டர் பேச்சே எழாது. தங்கசாமி இதை ஒளிக்காமல் என்னிடமே சொன்னார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். நயினார்கோவில் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர், இந்த ஆய்வுக்கூடத்தைக் கல் கல்லாகச் சேர்த்தவர். அது மூடப்பட்டுவிடும் என்ற பயம் அவர் முகத்தில் நிஜமாகவே இருந்தது.

"ரெண்டாவது ஃப்ரீசர் வாங்கப்போறோம் மேடம். ஆர்டர் உங்களுக்கே. பராமரிப்பும் இன்னும் ரெண்டு வருசத்துக்கு உங்களுக்கே. ஒரு மெக்கானிக்குக்கு வேற வேலையா கிடைக்காது?" என்றார்.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். அந்த இரண்டாவது பெட்டி நான் அதுவரை விற்ற எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் அதைவிடப் பெரிய வியாபாரம். ஷார்ஜாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். பாக்கர் திரும்பக் கூப்பிட்டு, முழுவதையும் கேட்டுவிட்டு, போட்டுவிட்டு வா, அந்த ஆளுக்கு நாம் தனியாக ஏதாவது செய்துகொள்ளலாம் என்றார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவர் ஒருத்தர்கூட இல்லாமல் ஒரு மனிதனின் பெயரைக் கெடுக்க முடிகிறதே என்றுதான் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஐஸ் கம்பெனி முதலாளிகள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். புற்றுநோய் மருந்தைக் கெடுத்தவன் என்று பெயர் வந்துவிட்டால் ஐம்பது வயதில் வீரையாவை யார் கூப்பிடுவார்கள்? மருந்து இல்லை, மாதிரி என்று யாரும் திருத்திச் சொல்லப்போவதில்லை.

தாளில் இருந்ததை வீரையாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நாந்தான தங்கச்சி திறந்தேன். போட்டுக் குடுத்துருங்க. நீங்களாச்சும் பொழைச்சுக்கங்க" என்றார்.

"திறந்தது நீங்க. அத எழுதுவோம். திறக்காதீகன்னு சொல்லாதது நான். அதையும் எழுதுவோம். டீசல் இல்லாததுக்கும் நீங்கதானா அண்ணே? அதுவும் உங்க கையாலயா உருகுச்சு?"

நான் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். ஒன்று, எங்கள் ஊழியர் வீரையா கரண்ட் போன இருபத்துமூன்றாவது மணி நேரத்தில் பெட்டியைத் திறந்து ஐஸ் வைத்தார், அது தவறு. இரண்டு, திறக்கக் கூடாது என்று அவருக்கு நான் சொல்லித்தரவில்லை, தமிழில் எழுதி ஒட்டவும் இல்லை. அது என் தவறு. மூன்று, ஜெனரேட்டரில் டீசல் இல்லை; அது ஆய்வுக்கூடத்தின் தவறு. நான்கு, வீரையா எங்கள் ஊழியராகத் தொடர்கிறார். ஒன்றுக்கும் நான்குக்கும் நேரே அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் இரண்டு முறை வாசித்தார். தன் தவறை வாசிக்கும்போது அவர் முகம் சுருங்கவில்லை, நான்காவது வரிக்கு வந்ததும் மூக்கை உறிஞ்சினார். புண் ஆறாத விரலால் பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்து எழுத்தாகப் போட்டார். அடியில் நான் போட்டேன். பென்சில் குறி முன்பக்கத்தில் அப்படியே இருந்தது.

உள்ளே போய்த் தாளை மேசையில் வைத்தேன். கூடவே கைப்பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்தேன். பேட்டரியில் ஓடும் வெப்பநிலை அலாரம், கரண்ட் போனாலும் உள்ளே எத்தனை டிகிரி என்று வெளியிலிருந்தே காட்டும், ஏறினால் மூன்று பேருடைய செல்லுக்கு மெசேஜ் அனுப்பும், பொருத்துவதும் பழக்குவதும் எங்கள் பொறுப்பு. அதற்கான கொட்டேஷன். குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு வியாபாரம் பேசுகிறாளே என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். அது இருந்திருந்தால் வீரையா கையை விட்டுப் பார்த்திருக்க மாட்டார், அதை முதல் வருடமே நான் விற்றிருக்க வேண்டும்.

தங்கசாமி பின்பக்கத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இதை ஃபைலில் வைக்க முடியாது என்றார். வைக்க வேண்டாம், ஆய்வுக்கூடத்தின் சார்பில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், குழு வரும்போது நானே காட்டிக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"உங்களுக்கு ஆர்டர் வேணாமா?"

"வேணும் சார். ரொம்ப வேணும். இந்தத் தாளோட வேணும்."

சென்னைக் கம்பெனிக்குப் போன் செய்யத் தனக்கு இரண்டு நிமிடம் போதும் என்றார். செய்யுங்கள், ஒன்பதாவது நாள் வருவார்கள், அதுவரை தகட்டை யார் கழுவுவது என்றும் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். வாய் ரொம்பத்தான் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. அவர் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, வெளியே இருங்கள், கூப்பிடுகிறேன் என்றார்.

பெஞ்சில் வீரையாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அரைமணி போனது. சவுக்கைத் தோப்பைத் தாண்டிக் கடல் இரைந்துகொண்டிருந்தது. இந்தக் காலாண்டு மாடியறை வாடகைக்கு எதை விற்பது என்று மனதுக்குள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய்.

மஜீதா ஆய்வுக்கூடக் கோட்டோடு வந்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தாளைக் கையில் வாங்கி நின்றபடியே வாசித்தாள். தங்கசாமி அவளுக்கு வழிகாட்டி. அடுத்த வருடம் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் அவளுக்கு ஒன்றுமில்லை. அதனால் அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது என்று நினைத்திருந்தேன்.

அவள் வீரையாவைப் பார்த்துத்தான் பேசினாள். "அண்ணே, முப்பத்தொரு மணி நேரம் மூடியே இருந்திருந்தாலும் பாதி போயிருக்கும். அதுக்காக உங்கள மன்னிச்சுட்டேன்னு இல்ல."

"மன்னிக்க வேணாந்தாயி," என்றார் வீரையா.

அவள் என் பேனாவைக் கேட்டு வாங்கினாள். சுவரில் தாளை வைத்து, ஐந்து என்று எண் போட்டு எழுதினாள். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும் என்று மார்ச்சிலும் ஜூலையிலும் அக்டோபரிலும் நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். தேதிகளை யோசிக்காமல் எழுதினாள். பெயர், துறை, கையெழுத்து. எழுதி முடித்ததும் தாளை நாலாக மடிக்கப் பார்த்தாள். மடிக்காதே, திறந்தே இருக்கட்டும் என்று வாங்கி என் மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். காற்றுக்குப் பறக்காமல் ஒரு ஓரத்தை நானும் மறு ஓரத்தை வீரையாவும் பிடித்துக்கொண்டோம். அவள் எங்களோடு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். மாணவர்கள் அதில் உட்காரும் வழக்கம் கிடையாது, அது வந்து காத்திருப்பவர்களுக்கான பெஞ்ச்.

அறைக்கதவு திறந்தது. தங்கசாமி வெளியே வந்தார், வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து எங்களைப் பார்த்தார், பார்த்தபடியே நடந்து வந்தார். வீரையாவுக்கு உடம்பே தானாக எழுந்தது. முதலாளிகள் வந்தால் எழுந்து பழகிய உடம்பு. வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் பாதி எழுந்துவிட்டார்.

நான் அவருடைய வெள்ளைச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்கண்ணே."

அவர் என்னைப் பார்த்தார், மஜீதாவைப் பார்த்தார். மஜீதா கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு நேரே முன்னால் பார்த்தபடி இருந்தாள். வீரையா மெல்ல உட்கார்ந்து, விட்ட ஓரத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். செருப்புச் சத்தம் எங்களுக்கு நேரே வந்து நின்றது. மூன்று பேரும் உட்கார்ந்தே இருந்தோம்.